அண்ணிக்கு விதை எடுத்த ரசம்

அதெல்லாம் ஒத்துக்க முடியாது அண்ணி. நீங்க போய்ச் சேர்ந்துட்டீங்கங்கறதுக்காக நான் விட்டுக்குடுத்துருவேன்னு நெனைக்காதீங்க. தக்காளின்னா தோலு இருக்கணும், விதை இருக்கணும். புளிப்பு முழுக்க அந்த வழவழப்புலதான் இருக்கு. அதப் பிதுக்கி எடுத்துட்டு, வெறும் சதையப் போட்டு வச்சா அது ரசமா? தக்காளி குளிச்ச தண்ணி. எத்தனை வருஷமா சொல்றேன், ஒரு நாளாவது நின்னு முழுசாக் கேட்டிருக்கீங்களா? நான் பேசிக்கிட்டே இருப்பேன், நீங்க பாட்டுக்கு எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவீங்க. சிலிப்பர் சத்தம் மட்டும் பதில் சொல்லும்.

சரி, படிக்கறவங்களுக்கு இது என்ன சண்டைன்னு புரியாது. மொதல்லேர்ந்து வர்றேன்.

அஞ்சலை அண்ணி எங்க அண்ணன் பெரியசாமியோட சம்சாரம். போன செவ்வாக்கெழமை காலைல ஆஸ்பத்திரில காலமாயிட்டாங்க. பதினாறாம் நாள் பூசைக்கு வர்றவங்க படிக்கறதுக்கு அம்மாவைப் பத்தி எழுதிக் குடுங்க சித்தப்பான்னு அவங்க மக மலர் கேட்டுச்சு. நமக்குத் தமிழ்ப்பள்ளில ஆறாவதோட சரி. அப்புறம் லோரி ஓட்டப் போயிட்டேன். பேசற மாதிரிதான் எழுத வரும். அண்ணியத் தெரிஞ்சவங்க திருத்திப் படிச்சுக்குங்க.

அந்தச் செவ்வாக்கெழமை காலைல நான் என் வீட்டு அடுப்புக்கு முன்னால நிக்கறேன். ஜோர்ஜ்டவுன்ல நாங்க இருக்கற பிளாட்டுல அண்ணி வீடு நாலாவது மாடி, என் வீடு ரெண்டாவது. தக்காளிய சுடுதண்ணில போட்டு எடுத்து, தோல உரிச்சு, ரெண்டா அறுத்து கட்ட வெரலால விதைய நோண்டிக்கிட்டிருக்கேன். எல்லாம் அண்ணிக்குத்தான். ஆஸ்பத்திரிக்கு ரசம் கொண்டுபோகணும். போன் அடிச்சுச்சு. கையெல்லாம் விதை. மொழங்கையால அமுக்கி ஸ்பீக்கர்ல போட்டேன்.

மலர் குரல். "சித்தப்பா, இன்னிக்கு ரசம் வேணாம்."

"ஏன்லா? ரொட்டி குடுத்துட்டாங்களா?"

அது விசும்பற சத்தம் கேட்டுச்சு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அடுப்ப அணைச்சேன். விதை எடுத்த தக்காளி சட்டில கெடந்துச்சு. அத என்ன பண்றதுன்னு தெரியாம கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னேன்.

அண்ணி நிபோங் திபால் பக்கத்து எஸ்டேட்ல பொறந்தவங்க. கல்யாணம் ஆகி வந்தப்ப எங்க வீட்ல நாங்க எல்லாரும் ஆம்பளைங்க. மொத நாளே நான் என் வேலையக் காட்டினேன். அண்ணி காப்பி கொண்டாந்தாங்க. ஒரு வாய் குடிச்சுட்டு, "அண்ணே, சீக்கிரம் வா, அண்ணி காப்பில சீனிக்குப் பதிலா உப்பு போட்டுட்டாங்க"ன்னு கத்தினேன். பாவம், மொகம் செத்துப்போச்சு. அப்புறம் அவங்களே ஒரு வாய் குடிச்சுப் பாத்தாங்க. நல்ல காப்பி. மறுநாள் எனக்கு மட்டும் நெசமாவே உப்புக் காப்பி. "இப்ப சொல்லுங்க தம்பி, உப்பு சரியா இருக்கா?"ன்னாங்க. அன்னிலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் சண்டைக்காரங்க. ஆனா ஒரு நாளும் என்னைய நீ வா போன்னு பேசினது கெடையாது. எவ்வளவு கோவம் வந்தாலும் தம்பி, நீங்க, வாங்கதான்.

பாயான் லெப்பாஸ்ல பேக்டரி வேலைக்குப் போனாங்க. பூதக்கண்ணாடி வழியாப் பாத்துக் குட்டிக்குட்டி சாமான ஒட்டற வேலை. கண்ணு அவ்வளவு கூர்மை. நான் லோரிலேர்ந்து எறங்கி வந்தா வாசல்லயே, "தம்பி, சட்டைல ரெண்டாவது பட்டன் இல்ல"ன்னுவாங்க. அண்ணன் துறைமுகத்துல வேலை செஞ்சு, ஓஞ்சு, ஒரு நாள் தூக்கத்துலயே போயிட்டாரு. எனக்கு அதுக்கு முன்னாலயே சம்சாரம் தவறிருச்சு, புள்ளையும் இல்ல. அண்ணனத் தூக்கிட்டுப் போன மறுநாள் அண்ணி என் வீட்டுக் கதவத் தட்டினாங்க. "கடைச் சாப்பாடு வேணாம் தம்பி. மேல வந்து சாப்பிடுங்க." அவ்வளவுதான் சொன்னாங்க. அதுக்கப்புறம் என் வீட்டு அடுப்பு சுடுதண்ணி வைக்கத்தான்.

ஒரு தடவ எனக்குக் கிட்னில கல்லு. அண்ணி வீட்ல சாப்பிட உக்காந்தவன் அப்படியே தரைல உருண்டுட்டேன். லோரில அம்பது மூட்டை ஏத்தினவன், அம்மா அம்மான்னு கத்தறேன். அண்ணி பக்கத்து வீட்டு சீனன எழுப்பி அவன் காடில என்னைய ஏத்தினாங்க. ஆஸ்பத்திரி போற வரைக்கும் என் கைய விடல. அந்த வலியிலயும் நான், "அண்ணி, நான் செத்தா என் பங்கு மீன் யாருக்கு?"ன்னேன். சிரிக்கல. கண்ணுல தண்ணி நின்னுச்சு. அதான் மொத தடவ என் பேச்சுக்கு அவங்க திருப்பிக் குடுக்காதது.

பொழச்சு வந்தேன். அதுக்கப்புறம்தான் இந்தத் தக்காளி கூத்து ஆரம்பிச்சுச்சு. தக்காளி அடில கத்தியால கூட்டல் குறி மாதிரி கீறி, கொதிக்கற தண்ணில போட்டு, எடுத்துப் பச்சத்தண்ணில முக்குவாங்க. தோலு சுருண்டு வரும். உரிச்சு, குறுக்க அறுத்து, ஒரு கோப்பையில விதைய எல்லாம் பிதுக்கி எடுப்பாங்க. பேக்டரிக் கண்ணு, ஒரு விதை தப்பாது.

நான் விடுவேனா? "என்ன அண்ணி, தக்காளிக்கு சட்டையக் கழட்டிக் குளிப்பாட்டறீங்க? அதுக்கு வெக்கமா இருக்காதா?"

"உங்க வாய உரிக்க முடியல தம்பி. இதையாச்சும் உரிக்கிறேன்."

"ருசியெல்லாம் தூக்கிப் போட்டுட்டு யாருக்கு சமைக்கறீங்க?"

"எனக்கு விதை பிடிக்காது. பல்லுல மாட்டுது."

"எஸ்டேட்ல பொறந்துட்டு மகாராணி மாதிரில்ல பேசறீங்க!"

போச்சு, சிலிப்பர் சத்தம். நான் காத்துல பேசிக்கிட்டிருப்பேன். மீன் கொழம்பு, சாம்பாரு, பருப்பு, எதுலயும் ஒரு விதை, ஒரு தோலு கெடையாது. நான் அவங்களுக்கு தக்காளி ராணின்னு பேரு வச்சு பிளாட்டு முழுக்கப் பரப்பிட்டேன். லிஃப்ட்ல பாக்கறவங்க எல்லாம், "என்ன ராணி, பாசாருக்கா?"ன்னு கேப்பாங்க. அண்ணி சிரிச்சுக்கிட்டே, "எல்லாம் அந்த ரெண்டாவது மாடி வேலை"ன்னுவாங்க.

இந்த வருஷம் ஒடம்பு படுத்திருச்சு. மூச்சு வாங்குச்சு, காலு வீங்குச்சு. கடைசில ஆஸ்பத்திரில சேத்தோம். சாப்பாடு எறங்கல. டாக்டர் தண்ணியா ஏதாவது குடுக்கலாம்னாரு. "தம்பி, ஒரு வாய் ரசம் கெடைச்சா நல்லாருக்கும்"னாங்க அண்ணி. மலர் சிம்பாங் அம்பாட்ல இருக்கு, வேலை, புள்ளைங்க, தெனம் கடல் பாலம் தாண்டி ஓடி வருது. அதுகிட்ட சமைக்கவும் சொல்ல முடியுமா? நான் செய்றேன்னு சொல்லிட்டேன்.

ரசத்துக்கு நின்னப்ப யோசிச்சேன். என் இஷ்டத்துக்குக் கையால பெசஞ்சு, தோலு விதையோட வச்சா யாரு கேக்கப் போறா? ஆனா மனசு வரல. எத்தனை வருஷம் இந்தப் பொம்பளைய கேலி பண்ணியிருக்கோம், கடைசி நேரத்துல அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு தடவ செய்வோம்னு, நானும் கீறினேன், முக்கினேன், உரிச்சேன். வெரலு வெந்துபோச்சு. ரப்பர் டயரு மாத்தற கை இது, தக்காளி உரிக்கற கையா?

பிளாஸ்க்ல ஊத்திக் கொண்டுபோனேன். மலரு கரண்டியால ஊட்டுச்சு. மூணு வாய் குடிச்சாங்க. "விதையெல்லாம் எடுத்துட்டீங்களா தம்பி?"

"பின்ன? ராணிக்கு பல்லுல மாட்டக்கூடாதுல்ல."

என்னையவே பாத்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க. "நல்லா இருக்கு தம்பி."

எனக்குப் பெருமை தாங்கல. நர்ஸுகிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டே வந்தேன். அதுலேர்ந்து தெனம் கொண்டுபோனேன். தெனம் ரெண்டு வாய், மூணு வாய். மிச்சத்த நானே வெளிய உக்காந்து குடிப்பேன். சப்புனுதான் இருக்கும். அவங்களுக்குப் பிடிச்சிருக்கே, அது போதும்னு இருந்தேன்.

அண்ணிய எடுத்த அன்னிக்கு யார் வந்தா, யார் வரலைன்னு எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நெருப்புக்குக் குடுத்துட்டு, குளிச்சுட்டு, சாயங்காலம் நாலாவது மாடில உக்காந்திருக்கேன். சொந்தக்காரங்க கெளம்பிட்டாங்க. "சித்தப்பா, காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, கொஞ்சம் ரசம் வைக்கிறேன்"னு மலர் அடுப்படிக்குப் போச்சு. நான் பின்னாலயே போய் நின்னேன். பாத்தா, தக்காளிய கீறிச் சுடுதண்ணில போடுது.

"எதுக்கும்மா உரிக்கற? அம்மாதான் இல்லையே. சும்மா பெசஞ்சு போடு."

மலர் திரும்பிப் பாத்துச்சு. "உங்களுக்குத்தானே சித்தப்பா உரிக்கிறேன்."

"எனக்கா? நான் எப்ப கேட்டேன்? விதை பிடிக்காதது உங்கம்மாவுக்கு."

"அம்மாவுக்கா?" அது கத்திய கீழ வச்சிருச்சு. "அம்மாவுக்கு விதைன்னா உசுரு. நீங்க சாப்பிட்டுட்டுக் கீழ எறங்கின ஒடனே அந்த விதைக் கோப்பைய எடுத்து, உப்பு தூவி, அப்படியே குடிக்கும். தோல நல்லெண்ணெய்ல வதக்கி, பச்ச மொளகா போட்டுத் தொகையல் அரைச்சு நாங்க ரெண்டு பேரும் சாப்பிடுவோம். உங்களுக்குக் கல்லு வந்துச்சுல்ல, தக்காளி விதை ஆகாதுன்னு பேக்டரில யாரோ சொல்லியிருக்காங்க. அதுலேர்ந்து உங்களுக்கு ஒரு விதை போட விடாது."

"டாக்டர் என்கிட்ட நெறைய தண்ணி குடிக்கத்தானம்மா சொன்னாரு. விதையப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"அம்மாவுக்கு அதெல்லாம் யாரு சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க வேணும்னே முழுத் தக்காளியக் கடிச்சுத் தின்னுருப்பீங்கன்னு சொல்லும்."

அது என்னமோ நெசம். நிச்சயமாத் தின்னுருப்பேன், அவங்க எதுக்கவே நின்னு.

அப்புறம் எனக்கு இன்னொண்ணு ஒறைச்சுச்சு. "அப்ப ஆஸ்பத்திரில... நான் கொண்டாந்த ரசம்?"

மலர் மூக்க உறிஞ்சுச்சு. "மொத நாளே நான் உங்ககிட்ட சொல்ல வந்தேன் சித்தப்பா. அம்மா போர்வைக்குள்ள என் கையக் கிள்ளிருச்சு. சொல்லாதன்னு."

நான் நாக்காலில உக்காந்துட்டேன். எனக்கு விதை பிடிக்கும். அவங்களுக்கு விதை உசுரு. ஒரு வீட்ல, ஒரு சட்டில, விதை எடுத்த சாப்பாடு யாருக்குமே வேணாம். அவங்க எனக்காக எடுத்தாங்க, நான் அவங்களுக்காக எடுத்தேன். கடைசியா அவங்க கேட்டது ஒரு வாய் ரசம். அதையும் நான் அவங்களுக்குப் பிடிச்சதெல்லாம் பிதுக்கி எடுத்துட்டுக் கொண்டுபோய்க் குடுத்திருக்கேன். விதையோட வச்சிருந்தா இன்னும் ரெண்டு வாய் உள்ள போயிருக்குமோ என்னமோ. அத இனி யாருகிட்ட கேக்கறது?

மலரு அன்னிக்கு உரிச்ச தக்காளிலதான் ரசம் வச்சுச்சு. நான் முழுசாக் குடிச்சேன். விதைக் கோப்பைய அதுவும் நானும் மாத்தி மாத்தி உப்பு போட்டுக் குடிச்சோம்.

மறுநாள் காலைல அஸ்தி கரைக்கப் போனோம். மோட்டார் போட்டுல ஏறினோம், அது கரைய விட்டுக் கொஞ்சம் தள்ளிக் கடல்ல போய் நின்னுச்சு. பூசாரி மந்திரம் சொன்னாரு, பூவும் பாலும் விட்டோம். நான் சட்டைப் பைலேர்ந்து ஒரு தக்காளிய எடுத்தேன். நல்லாப் பழுத்தது, பாசார்ல நானே தட்டிப் பாத்து வாங்கினது. பூசாரி மொறைச்சாரு. போட்டு ஓட்டற மலாய்க்காரர், இதுவும் உங்க சடங்கான்னு மலாய்ல கேட்டாரு. எங்க வீட்டுச் சடங்குன்னு சொன்னேன். மலர் அழுதுகிட்டே சிரிச்சுச்சு.

தக்காளிய அஸ்திப் பானை வாயில வச்சு, மலரு பானையத் தண்ணில விடறதுக்கு முன்னால நான் குனிஞ்சு பேசினேன். "அண்ணி, இந்தாங்க, முழுசா இருக்கு, யாரும் கை வைக்கல. பதினாறாம் நாள் எலைலயும் விதையோடதான் வைப்பேன், தொகையல் மலர் அரைக்கும். நீங்க செயிச்சீங்கன்னு மட்டும் நெனைக்காதீங்க. எனக்காகத்தான் உரிச்சீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அந்த..."

மலரு கைலேர்ந்து பானை நழுவி முழுகிருச்சு. எப்பவும் போலத்தான். நான் பேசிக்கிட்டிருக்கும்போதே எந்திரிச்சுப் போயிட்டாங்க. இந்தத் தடவ சிலிப்பர் சத்தம் கூட இல்ல.

தக்காளி மட்டும் முழுகல. செவப்பா, அண்ணி போன பக்கமே கொஞ்ச தூரம் மெதந்து போய்க்கிட்டிருந்துச்சு. நான் இன்னும் சொல்லி முடிக்கல.