தண்ணீர் கேட்காத எஞ்சின்

சனிக்கிழமை காலை சிங்கப்பூர் தஞ்சோங் பகார் நிலையத்தில் மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். கைப்பையில் மாற்றுத் துணியும் இரண்டு ஸ்பேனரும் இருந்தன. போகிற ஊர் ஜொகூரில் பெக்கோக். அங்கே எனக்கு உறவினர் யாரும் கிடையாது. என்னைப் போலவே ஒரு கிறுக்கர்தான் இருந்தார்.

கிறுக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். கை நீளத்துக்கு ஒரு ரயில் எஞ்சினை வீட்டிலேயே செய்வது. பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கோபம் வந்துவிடும். செப்புத் தகட்டில் கொதிகலன், நாமே கடைந்தெடுத்த சிலிண்டர், உள்ளே மெய்யான கரி நெருப்பு, மெய்யான நீராவி. ஒன்றை முடிக்க எனக்கு நான்கு வருஷம் பிடித்தது. அதற்குள் என் மனைவி என்னைப் பேசாத பேச்சில்லை.

வைத்திலிங்கத்தைச் சிங்கப்பூரில் ஒரு சீனர் கடையில்தான் முதலில் பார்த்தேன். நான் வாங்க வந்த செப்புத் தகட்டை அவர் ஆசையோடு தடவிக்கொண்டு நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அன்றிலிருந்து பழக்கம். இந்த வருஷம் அவர் மனைவி மகேசுவரி காய்ச்சலில் இறந்துபோனார். போன மாதம் அதே கடையில் பார்த்தபோது, “தம்பி, என்ர எஞ்சினுக்கு இப்ப நான் தண்ணி விடுறேல்லை. தேவைப்படேல்லை. ஒருக்கா வந்து பாருங்கோ,” என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

தண்ணீர் இல்லாமல் நீராவி ஏது? கொதிகலன் வற்றினால் நெருப்புக்கு மேலுள்ள செம்பு வெந்து வெடிக்கவும் கூடும். எஞ்சின் சிறியதுதான்; ஆனால் பக்கத்தில் குனிந்திருப்பவர் உயிருக்கு அது போதும். மனிதர் துக்கத்தில் தாமே ஊற்றிவிட்டு மறந்துபோகிறார் என்று நினைத்தேன். அப்படிப்பட்டவர் ஒருநாள் ஊற்றவே மறந்துவிடுவார். அந்தப் பயம்தான் என்னை ரயிலேற்றியது.

கடலை மறித்துப் போட்ட காஸ்வேயைக் கடந்து ஜொகூர் பாருவில் சுங்கச் சோதனை. பிறகு கூலாய், குளுவாங் என்று ரப்பர் மரங்கள், ரப்பர் மரங்கள், மறுபடியும் ரப்பர் மரங்கள். பெக்கோக்கில் இறங்கியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. தோட்டம் நான்கு மைல். மாட்டு வண்டிக்காரர் தோட்டத்து ஆள்தான்.

“பெரிய கிராணி வீட்டுக்குங்களா? முன்னாடி கொண்டுபோய் விடுறேங்க. பின்னால போகச் சொல்லாதீங்க.”

“பின்னால என்ன இருக்கு?”

“அந்தம்மா தண்ணி எடுத்த கிணறு. அந்த மர நிரையில ரப்பர் பால் வெட்டவே ஆளுங்க போறதில்லீங்க.”

அதற்கு மேல் அவர் மாட்டிடம்தான் பேசினார்.

அந்தி நேரத்தில் வீட்டின் பின்வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மரங்களுக்குள் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. வாளி இறங்குகிற சத்தம், சிறிது நேரம் கழித்து ஏறுகிற சத்தம். வேலைக்காரர் யாரோ என்று எண்ணிக்கொண்டு உள்ளே போனேன். வைத்திலிங்கம் தாமே சோறாக்கிப் போட்டார். வேலைக்காரர் எங்கே என்று கேட்டேன்.

“ஒருத்தரும் இல்லைத் தம்பி. குழாய்த் தண்ணி இருக்கு. எனக்கு ஆள் எதுக்கு?”

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எஞ்சினைப் பார்த்ததும் பயம் போய்ப் பொறாமை வந்துவிட்டது. அவ்வளவு சுத்தமான வேலை. இரண்டரை அங்குல இடைவெளியில் தண்டவாளம். அதை மரக்கட்டைகள்மேல் இடுப்புயரத்தில் ஏற்றி, மரங்களுக்குள் போய்த் திரும்பி வரும் வட்டமாக அமைத்திருந்தார். எஞ்சின் தானாகவே ஓடிவிட்டு வரும். முன்பெல்லாம் வட்டத்தின் மறுகோடியில், கிணற்றடியில், மகேசுவரி நிற்பாராம். எஞ்சினை நிறுத்தி, ஒரு செம்பால் மொண்டு அதன் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, கைப்பம்பை அடித்துக் கொதிகலனுக்கு ஏற்றி அனுப்புவாராம்.

“அந்தியேட்டிக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணி நான் விடேல்லை,” என்றார். மனைவி இறந்த முப்பத்தோராம் நாள் சடங்கைச் சொல்கிறார். “ஞாயிறு தவறாமல் ஓடுது. கண்ணாடியைப் பாருங்கோ.”

எஞ்சினின் பின்புறம் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் உண்டு. அதில் தண்ணீர் நிறைந்திருந்தது.

நெருப்பு மூட்டினார். சகுனத்துக்காகச் சக்கரத்தடியில் நசுக்க, கோலிக்குண்டளவு கஸ்தூரி எலுமிச்சை ஒன்றை வைத்தார். பெரிய எலுமிச்சை என்றால் எஞ்சின் கவிழ்ந்துவிடும். எஞ்சின் புறப்பட்டு மரங்களுக்குள் மறைந்தது. வைத்திலிங்கம் கையை உயர்த்தினார்.

“கிணத்தடியில ஒருக்கா நிக்கும், கேளுங்கோ.”

நிற்கவில்லை. ஒரே சீராக ஓடித் திரும்பி வந்தது. அவர் முகம் சுருங்கியது. “புது ஆள் நிக்கிறியள். வெக்கப்படுறா,” என்றார்.

இரண்டாம் சுற்றும் நிற்கவில்லை, மூன்றாவதும் நிற்கவில்லை. கண்ணாடியில் தண்ணீர் அப்படியே இருந்தது. அதுதான் தப்பு. ஓடுகிற எஞ்சினில் தண்ணீர் அலைந்துகொண்டே இருக்கும். இது அசையவே இல்லை. கண்ணாடியின் கீழ்த்துளை அடைத்துக்கொண்டால் அப்படித்தான் பொய் காட்டும்.

“அண்ணே, நிறுத்துங்க. கண்ணாடியைத் திறந்து பார்த்துடலாம்.”

“வேண்டாம் தம்பி.”

“உள்ளே தண்ணி இல்லைன்னா நீங்க செத்துப்போவீங்க!”

“அவ விடுவா. அவவைச் சோதிக்கக் கூடாது.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த சுற்றில் நானே எஞ்சினைப் பிடித்து நிறுத்தி, கண்ணாடியின் அடித்திருகைத் திறந்தேன். தண்ணீர் அடைப்பையும் தள்ளிக்கொண்டு சீறி வெளியேறியது. திருகை மூடினேன். கொதிகலனில் தண்ணீர் இருந்தால் உடனே ஏறிவர வேண்டும். ஏறவில்லை. வெறும் கண்ணாடி. நெருப்பை அப்படியே இழுத்துப் புல்லில் கொட்டினேன்.

வைத்திலிங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப ஒருத்தரும் இல்லை,” என்றார். அவர் உயிரைக் காப்பாற்றினேன் என்று பெருமைப்பட முடியவில்லை. பாவியாக நின்றேன்.

கரி படிந்த கையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். கப்பி துருவேறி இறுகியிருந்தது. கயிறே இல்லை. ஆனால் கிணற்றின் கைப்பிடிச்சுவர் ஓரிடத்தில் ஈரமாக இருந்தது. இரண்டு நாளாய் மழை இல்லை. கையைக் கழுவாமலே திரும்பிவிட்டேன்.

எஞ்சின் ஆறியதும் நெருப்புப் பெட்டிக்குள் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை விட்டுப் பார்த்தேன். செம்பில் வெந்த தடம் ஒன்றுகூட இல்லை.

மாலை வண்டிக்கு அவரும் நிலையம்வரை வந்தார். ரயில் வரும்போது எனக்கு மனம் தாளவில்லை.

“அண்ணே, செம்பு கொஞ்சமும் வேகலை. இன்னிக்குத்தான் முதல் தடவையா வத்தியிருக்கு; வேகறதுக்குள்ள நெருப்பை இழுத்துட்டேன். இத்தனை ஞாயிறும் உள்ளே தண்ணி இருந்திருக்கு.”

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“அப்ப இண்டைக்கு மட்டும் ஏன் விடேல்லை?”

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்கள் வந்திட்டியள். இனி இந்தாளைப் பாக்க ஒரு மனிசர் இருக்கு எண்டு அவ என்னை விட்டிட்டுப் போயிட்டா.”

சிங்கப்பூரில் என் எஞ்சின் சமையலறை மேடையில் ஓடும். தண்ணீர் குறைந்தால் அடுப்படியில் நிற்கும் மனைவிதான் முதலில் சத்தம் போடுவாள். வழக்கமாக எரிந்துவிழுவேன். அன்று வீடு வந்து சேர்ந்ததும் அவள் பேசியதையெல்லாம் நின்று கேட்டேன்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு பெக்கோக் போகிறேன். தோட்டத்தில் வேறு யாரும் வராத அந்தக் கிணற்றடியில் நான்தான் நிற்கிறேன். ஊற்றுகிறேன், பம்பை அடிக்கிறேன், அனுப்பிவைக்கிறேன். ஆனால் எஞ்சின் அங்கிருந்து திரும்பும்போதெல்லாம் வைத்திலிங்கம் முதலில் கண்ணாடியைத்தான் குனிந்து பார்க்கிறார். நான் ஊற்றிய அளவுதான் அதில் இருக்கிறது.