சாக்கில் கட்டிய ஐஸ்

புதுத் துறைமுகம் வந்த புதிதில் எங்கள் ரோட்டில் லாரிகள் பெருகிவிட்டன. அந்தக் கோடையில்தான் நான் டவுன் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவது என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. எங்கள் வீடு இருந்த உப்பளத்துப் பக்கம் பஸ் கிடையாது. நாசரேத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்றார் அப்பா. சைக்கிளில் போய் வரட்டும் என்றாள் அம்மா. அத்தை வீடு எனக்குப் பிடிக்காது. அங்கே போகாமலிருக்க வேண்டுமென்றால் பள்ளி திறப்பதற்குள் நான் சைக்கிளில் தேறியாக வேண்டும்.

ஓட்டத் தெரியும், அந்த வெயிலில் ஓட்டத்தான் முடியவில்லை. மேலே சூரியன் எரிக்க, கீழே உப்புப் பாத்திகளின் வெண்மை கண்ணைக் கூசவைக்கும். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயவே காயாது. ஹேண்டில்பாரில் கை வழுக்கும். தெருமுனை தாண்டியதும் தலை சுற்றுகிறது என்று திரும்பிவிடுவேன். மறுநாள் வயிற்றுவலி. அதற்கு மறுநாள் முழங்கால்.

அம்மா என் வலிகளை விசாரிப்பதே இல்லை. ஒருநாள் காலை, "ஐஸ் கம்பெனிக்குப் போயி ஐஸ் வாங்கிட்டு வாளா. நன்னாரி சர்பத் போடுவோம்" என்றாள்.

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "கரையாம கொண்டாரட்டும், பாப்போம்" என்றார்.

அதுதான் பரீட்சை என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன். ஐஸ் கரைந்தால் நாசரேத்.

மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் இருந்த அண்ணாச்சி, ஐஸைச் சாக்கில் சுற்றி கேரியரில் கட்டிவிட்டார். "இந்த வெயில்லயா கொண்டு போற? வீட்ல போயி சாக்கப் பிழிஞ்சு குடிங்க" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதி வழியிலேயே சாக்கு சொட்டத் தொடங்கிவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் ரோடு குறையவில்லை. அப்போதுதான் ரோட்டோரம் குவித்திருந்த உப்பு கண்ணில் பட்டது. எங்கள் ஊரில் வீணாகப்போகும் எதற்கும் வைத்தியம் ஒன்றுதான். மீனுக்கு உப்பு, மாங்காய்க்கு உப்பு, நார்த்தங்காய்க்கு உப்பு. சைக்கிளை நிறுத்தி, சாக்கைப் பிரித்து, இரண்டு கையாலும் உப்பை அள்ளி ஐஸ் முழுக்கத் தேய்த்தேன். மறுபடி இறுகக் கட்டி ஏறினேன். பின்னால் ஹாரன் கேட்டபோதெல்லாம் மண்ணில் இறங்கி நின்று லாரிக்கு வழிவிட்டேன். நின்ற ஒவ்வொரு முறையும் சாக்கைத் தொட்டுப் பார்த்தேன். முன்னைவிட வேகமாகச் சொட்டியது.

வாசலில் அம்மா வெயிலில் நின்றிருந்தாள். வேலைக்குக் கிளம்பியிருக்க வேண்டிய அப்பாவும் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் ஐஸுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்து, கேரியரைத் திரும்பிப் பார்க்காமலே இறங்கினேன்.

சாக்குக்குள் ஒரு சோப்புக்கட்டி அளவுதான் மிஞ்சியிருந்தது. அப்பா அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஏளா, இதுல எதுக்கு உப்பு போட்ட?"

"கெட்டுப்போகாம இருக்கத்தாம்ப்பா."

அப்பா சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. "உப்பளத்துக்காரன் மவ பின்ன எப்படி இருப்பா" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. "லாரி வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு. ஓரமா எறங்கி நின்னேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சைக்கிளை வாங்கி நிழலில் நிறுத்தினார். அதன்பிறகு நாசரேத் பேச்சு எழவில்லை. உப்பு பட்டால் ஐஸ் சீக்கிரம் கரையும் என்பதை, அதே சைக்கிளில் போய்ப் படித்த பள்ளிக்கூடத்தில் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

இப்போது என் மகள் கடைக்குச் சைக்கிளில் போயிருக்கிறாள். இந்த வெயிலில் அனுப்பியது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் நிற்கிறேன்.

நான் ஐஸ் கொண்டுவந்த அன்று சமையலறைக்குள் போனபோது எலுமிச்சம்பழங்கள் நறுக்காமல் கிடந்தன, டம்ளர்கள்கூட எடுத்துவைக்கப்படவில்லை. ஐஸோடு வருவேன் என்று அம்மா நம்பவே இல்லை என நினைத்து, சர்பத் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவ்வளவு நேரமும் அவள் வாசலிலேயே நின்றிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.