இருபத்திரண்டு நிமிடச் சாப்பாடு

இருபத்திரண்டு நிமிடம். பாட்டில் மூடியைத் திருகுவதில் தொடங்கி, தட்டு மேசைக்கு வரும்வரை. கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்திருக்கிறார் அந்த வீட்டு மருமகள். வயது முப்பத்தெட்டு, லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் பதினோரு வருடமாக உதவியாளர். உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் ஸ்பேனர்.

ஸ்பேனர் வீட்டுக்குள் நுழைவது ஆறு நாற்பதுக்கு. செவ்வாயும் வியாழனும் ஏழே காலுக்கு மறுபடி கிளம்ப வேண்டும். லிஃப்ட் மெக்கானிக் உரிமத்துக்கான மாலை வகுப்பு. உரிமம் கிடைத்தால் தானே கையெழுத்துப் போட்டு வேலையை முடிக்கலாம். கிடைக்காவிட்டால் காலம் முழுக்க இன்னொருவருக்கு டார்ச் பிடிக்கலாம். மூன்று வகுப்பு தவறினால் தேர்வு எழுத முடியாது. மகளுக்குக் காய்ச்சல் வந்ததில் ஒன்று, பேருந்து பாதியில் நின்றதில் ஒன்று என இரண்டு ஏற்கெனவே போயிருந்தது.

இடையில் இருக்கும் முப்பத்தைந்து நிமிடத்தில் நான்கு பேருக்குச் சாப்பாடு ஆக வேண்டும். அதனால்தான் தக்காளி சாஸ் பாட்டில். தொட்டுக்கொள்கிற இனிப்பு சாஸ் இல்லை. பூண்டும் எண்ணெயும் சேர்த்து வேகவைத்துக் கண்ணாடி பாட்டிலில் அடைத்த தக்காளி. வெங்காயம் வதங்கியதும் அதைக் கவிழ்த்து, கொதி வந்தால் குழி பறித்து, ஆளுக்கொரு முட்டை உடைத்து ஊற்றி மூடிவிடுவது ஒரு நாள். வெந்த கொண்டைக்கடலையும் கீரையும் போட்டு ரொட்டியோடு இன்னொரு நாள். பாஸ்தாவைத் தனியாக வேகவைக்கவே மாட்டார். காலி பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒட்டியிருக்கும் கடைசிச் சொட்டோடு அதே சட்டியில் ஊற்றி, பாஸ்தாவை அதிலேயே போட்டுவிடுவார். "ரெண்டாவது பாத்திரம் கழுவுற நேரத்துல ரெண்டு பக்கம் படிச்சிடலாம்" என்பார்.

ஒரே ஒரு தப்பு செய்தார். வீட்டில் சொல்லவில்லை.

கணவர் சமையலறைப் பக்கமே வருவதில்லை. மாமியார் மாலையில் பூங்காவில் நடந்துவிட்டு ஏழு மணிக்குத்தான் திரும்புவார். சாப்பிட்டுவிட்டு மறுநாள் பூங்காவில் போய், "மருமக தக்காளி வதக்குறது அப்படியே என் கைப்பக்குவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காலி பாட்டில்கள் ஸ்பேனரின் கருவிப் பையில் நிறுவனத்தின் பட்டறைக்குப் போயின. மூடியுள்ள கண்ணாடி பாட்டில் கிடைத்தால் பட்டறைக்காரர்கள் விடமாட்டார்கள். நட்டுகளைப் போட்டுவைத்தால் எதில் எது என்று வெளியிலிருந்தே தெரியும். லேபிளைக் கிழிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வியாழக்கிழமை, ஸ்பேனர் மறந்து வைத்துவிட்டுப் போன வீட்டுச் சாவியைக் கொடுக்க, அம்மாவைப் பார்க்க வந்திருந்த நாத்தனார் பட்டறைக்குப் போனார். ஸ்பேனர் வெளியே வேலையில் இருந்தார். சுவர் அலமாரி முழுக்க ஒரே லேபிள் ஒட்டிய சாஸ் பாட்டில்கள். எல்லாம் ஸ்பேனர் கொண்டுவந்தது என்றார்கள்.

அன்று மாலை ஆறு நாற்பதுக்கு ஸ்பேனர் கதவைத் திறந்தபோது மேசையில் பஞ்சாயத்து கூடியிருந்தது. மாமியார் நடக்கப் போகவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து ஐந்தரைக்கே வந்துவிடும் கணவர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். நாத்தனார் ஒரு பாட்டிலை எடுத்து ஆட்டினார். உள்ளே நட்டுகள் கலகலத்தன.

"இது என்ன அண்ணி?"

"பத்து எம்எம் நட்டு. குடு, நாளைக்குத் தேடுவாங்க."

"பேச்ச மாத்தாதீங்க. அலமாரியில முப்பத்தோரு பாட்டில்! எண்ணிட்டுத்தான் வந்தேன்."

"கையில இருக்கறதையும் சேத்தா?"

நாத்தனார் ஒரு கணம் யோசித்தார். "முப்பத்திரண்டு."

"பாத்தியா, எண்ணிக்கையில நீ வீக்கு."

மாமியாருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஊர் பூரா என் கைப்பக்குவம்னு சொல்லிட்டு வந்தேனே! என் மூஞ்சில கரியப் பூசிட்டியே!"

"சொல்லாதது என் தப்புதான் அத்தை. அதுக்குத் திட்டுங்க, வாங்கிக்கறேன். பாட்டில்ல சமைச்சது தப்பில்ல."

"ஒழுங்கா ஆக்கிப் போட நேரமில்லாதவளுக்குப் படிப்பு ஒரு கேடா? பரீட்சைய அடுத்த வருஷம் பாத்துக்கலாம். உக்காரு, இன்னைக்கே பேசி முடிச்சிடுவோம்."

மணி ஆறு நாற்பத்தாறு. உட்கார்ந்தால் மூன்றாவது வகுப்பும் போகும்.

ஸ்பேனர் உட்காரவில்லை. பையிலிருந்து புது பாட்டிலை எடுத்து, அடியில் ஒரு தட்டு தட்டி, எல்லார் கண்ணெதிரிலும் மூடியைத் திருகினார். டப் என்று திறந்தது. வெங்காயம் சட்டியில் விழுந்தது.

"இன்னைக்கு ஒரு நாள் போகாம இரேன்" என்றார் கணவர். "அம்மா மனசு கஷ்டப்படுதுல்ல."

"அந்த ஒரு நாள் போனா பரீட்சையே போச்சு. அத யார் மனசுக்கும் குடுக்க முடியாது. அஞ்சரைல இருந்து கையக் கட்டிட்டு உக்காந்திருக்கீங்களே, மூடி திருக எந்தக் காலேஜ்ல படிக்கணும்?"

உள்ளறையில் மகள் களுக்கென்று சிரித்தாள்.

முட்டை வேகும் நேரத்தில் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தார். லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவர் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சுக்குத் தன் பூட்டைப் போட்டு, இந்த அட்டையை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும்: 'ஆள் உள்ளே. இயக்காதே.' முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. அதைச் சுவரிலிருந்த நாட்காட்டியின் ஆணியில் மாட்டினார்.

"பதினாலாம் தேதி பரீட்சை. அதுவரைக்கும் இது இங்கதான் தொங்கும். மாட்டினவதான் கழட்டணும்."

"நாங்க கழட்டினா?" என்றார் மாமியார்.

"எங்க வேலையில கழட்டினா, உள்ள இருக்கற ஆள் செத்துடும் அத்தை."

ஸ்பேனர் சட்டியை இறக்கினார். சட்டியில் ஐந்து முட்டை. நாத்தனாருக்கும் சேர்த்துத்தான் உடைத்திருந்தார். நாத்தனார் ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். "நல்லா இல்லன்னு நான் சொல்லவே இல்லையே" என்று அண்ணனிடம் முணுமுணுத்தார். மாமியார் தட்டைத் தொடவில்லை. ஸ்பேனர் நின்றபடியே தன் பங்கை முடித்து, நட்டு பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு ஏழு பதிமூன்றுக்குப் படியிறங்கினார். வகுப்பில் வருகைப் பதிவு ஏழரைக்கு. இருந்தார்.

பதினான்காம் தேதி காலை ஒன்பது மணிக்குச் செய்முறைத் தேர்வு. அட்டையை யாரும் தொடவில்லை; அன்று மாலை சமையல் தன்னுடையது என்று கணவரே சொல்லிவிட்டார். சாஸ் பாட்டில் சமையலறை அலமாரியின் முன்வரிசையில் இருக்கிறது, லேபிள் வெளியே தெரியும்படி.