கர்ட்டன் ராடு என்று சொன்னது

துப்பாக்கிக் கடையில் துணி சோப்பு எதற்கு என்று முதலில் புரியவில்லை. பின்கட்டில், மணல் மூட்டைக்கு முன்னால், நீலக் கட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியிருந்தார்கள். கடைக்காரர் ஏர் ரைஃபிளின் குழலை மடக்கி ஈயக் குண்டைச் செருகிச் சுட்டார். குண்டு ஒரு சோப்பைத் துளைத்து இரண்டாவதில் நின்றது. அடுத்த ரைஃபிளின் குண்டு இரண்டைத் துளைத்து மூன்றாவதில் நின்றது.

"டார்கெட்டுக்குத்தானே சார்?" கன்னடம் தோய்ந்த தமிழ்.

"டார்கெட்டுக்குத்தான்."

வேட்டை குற்றம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் முயல் என்ற சொல்லை நாங்கள் இருவரும் தொடவேயில்லை. முயலுக்கு எது சரி என்று கேட்க வேண்டிய இடத்தில், "இது எத்தன சோப்பு போவும்?" என்றேன்.

"சின்ன டார்கெட்டுக்கு ஒரு சோப்பு போதும் சார். கொஞ்சம் பெருசுன்னா ரெண்டு வேணும்."

நீலக் கட்டிக்கு என் கண்ணெதிரே இரண்டு காதுகள் முளைத்தன. அவை ஆடவும் செய்தன. நான் இரண்டு சோப்பு ரைஃபிளையே எடுத்தேன்.

மனைவியின் ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். பண்டிகைக்குப் பண்டிகை அவள் தம்பி மாந்தோப்புக்குள் போய் எதையாவது அடித்து வருவான். போன தடவை என் இலையில் கறியை வைத்துக்கொண்டே சொன்னான்: "மாமாவுது கம்பெனியில ஸ்கேல் புடிக்கிற கை. இதுக்கு வேற கை வேணும். நீங்க திங்குங்க மாமா, அது போதும்." பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஐம்பதை நெருங்கும் வயதில் அந்தச் சிரிப்பு தொண்டையில் எலும்பாக நின்றுவிட்டது. அப்புறம் தினமும் கம்பெனி கேன்டீனில், சோறு ஆறிப்போக, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங்கா கேஸா, கட்டை மரமா பிளாஸ்டிக்கா, ஸ்கோப் வேண்டுமா வேண்டாமா. ஒரு உயிரை எதனால் எடுப்பது என்று தேர்ந்தெடுப்பதில் இத்தனை சந்தோஷம் இருந்தது எனக்கு. எழுதவே கூசுகிறது.

அட்டையிலும் சாக்கிலும் சுற்றிய பொட்டலத்தோடு பெங்களூரிலிருந்து திரும்பினேன். ஓசூருக்குச் சற்று முன்னால், ஜூஜுவாடி நெரிசலில் பஸ் நின்றபோது எங்கள் கீழ்வீட்டுக்காரர் ஏறினார். மதுரைக்காரர், என்னைவிட இளையவர், என் கம்பெனியிலேயே வேறு செக்‌ஷன்.

"என்னண்ணே இம்புட்டு நீளமா? தூண்டிலா?"

"கர்ட்டன் ராடு."

அது ஏன் வாயில் வந்தது என்று எனக்குத் தெரியும். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே அடுத்த வீட்டு மாடிப்படி. ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் எந்நேரமும் ஏறி இறங்குவார்கள். மனைவி குளியலறைக்குள்ளேயே ஈரத் தரையில் நின்று புடவை கட்டுகிறாள். ஒரு திரை போடச் சொல்லி எவ்வளவோ நாளாகக் கேட்கிறாள். பொய்க்காக வாயைத் திறந்தேன், அவள் கேட்டது வந்து விழுந்தது.

"அப்பாடா! மதினி எம்புட்டு நாளா சொல்லிக்கிட்டிருக்காக. எங்கிட்ட டிரில்லிங் மிஷின் இருக்கு. ஞாயித்துக்கெழம வாரேன்."

"அதெல்லாம் வேணாம்."

"சும்மா இருங்கண்ணே. நீங்க ஆணி அடிச்சுச் செவுத்த ஒடச்சீகன்னா ஹவுஸ் ஓனர் வைவாரு."

ஞாயிறு காலையில் வந்துவிட்டார். கடையில் அளவை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லத் தயாராக இருந்தேன். ஆனால் உள்ளிருந்து மனைவி ஒரு துணியோடு வந்தாள். அவளுடைய பழைய பச்சைப் புடவை. விஷயத்தைக் கீழ்வீட்டம்மாவிடம் கேள்விப்பட்டு, அந்த வீட்டுத் தையல் மிஷினிலேயே, மேலே கம்பி நுழைய மடிப்பு விட்டுத் திரையாகத் தைத்திருந்தாள். துவைத்து மடித்த துணியில் சோப்பு மணம்.

"நீங்களும் சொல்லல, நானும் சொல்லல," என்று சிரித்தாள்.

தயாராக வைத்திருந்த பொய் வாய்க்குள்ளேயே உலர்ந்தது. அதற்குள் அவர் ஸ்டூலில் ஏறி, பரணில் துருத்திக்கொண்டிருந்த சாக்கை நோக்கிக் கையை நீட்டிவிட்டார். "இதானண்ணே?" பொட்டலத்தைத் தூக்கியவர் கனத்தில் ஒரு கணம் தடுமாறினார். அவர் கை சாக்கின்மேல் மெல்ல நகர்ந்தது. குழல், அப்புறம் விசை, அப்புறம் அகன்ற கட்டை. கை நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் டிரில்லிங் மிஷினைப் பார்த்தேன்.

"என்னாச்சு தம்பி?" என்றாள் மனைவி.

பொட்டலத்தைப் பரணில் தள்ளிவிட்டார். "அளவு சேராது மதினி. கடக்காரன் மாத்திக் குடுத்துட்டான். அண்ணன் போயி மாத்திட்டு வந்துருவாரு."

நான் சொல்லவிருந்த பொய்யை அவர் சொன்னார். சொல்லிப் பழக்கமில்லாதவர், காது சிவந்துவிட்டது. பிறகு, இனி வரப்போகும் ராடுக்காகச் சுவரில் துளை போட்டார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், செங்கல் தூள் என் தலையில் உதிர்ந்தது.

"போவுது விடுங்க. வெளியூர்க் கடைன்னா இப்புடித்தான் ஏமாத்துவாங்க," என்று என்னைத் தேற்றினாள் மனைவி.

பெங்களூருக்கு இன்னொரு நாள் போய் மாற்றிக்கொள்கிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அன்று மதியமே ஓசூர் கடைவீதியில் நிஜமான ராடு வாங்கினேன். "எத்தன அடி?" "நாலு." அவ்வளவுதான். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அறைக்குள் பச்சை வெளிச்சம் வந்தது. அவள் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, உலர்ந்த தரையில் நின்று புடவை கட்டினாள்.

பண்டிகை நெருங்கியபோது பெரிய அண்டாவை எடுக்க அவளே ஸ்டூலில் ஏறினாள். "அந்தத் தப்பு ராடு இன்னும் இங்கதான் கெடக்குதா? நீங்க மாத்தவே மாட்டீங்க. எறக்குறேன், நானே போயி குடுத்துட்டு வரேன்."

"அது ராடு இல்ல."

சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். "எதுக்கு இது?"

கடையில் சொல்லாத சொல்லை அப்போதுதான் சொன்னேன். "முயலுக்கு."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யோசித்தாள். யோசித்தது முகத்தில் ஏறியது.

"கீழ் வூட்டுத் தம்பிக்கு அன்னிக்கே தெரியுமா?"

தலையாட்டினேன்.

"நான் பொடவயக் கிழிச்சுத் தச்சு எடுத்துக்கிட்டு வந்து நின்னேனே, அப்பவேவா?"

அவள் அண்டாவை எடுக்காமலே இறங்கினாள். "இனிமே அந்தத் தம்பி மூஞ்சியில நான் எப்புடி முழிப்பேன்?" என்றவள், பட்டப்பகலில் திரையை முழுக்க இழுத்து மூடினாள்.