உச்சந்தலையில் தட்டிய கை

நாகலூரில் எஸ்டேட் வேலை பார்க்கும் குடும்பம் எங்களுடையது. குச்சியில் செருகிய சீஸை மாவில் தோய்த்துப் பொரிக்கும் கொரியன் கார்ன் டாக் வேண்டுமென்று ஏழு வயது மகள் யாழினி பல நாளாக நச்சரித்தாள். கடித்து இழுத்தால் சீஸ் நூலாக நீளுமாம். அதை நான் வீடியோ எடுக்க வேண்டுமாம். போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, ஏற்காடு ஏரிப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம்.

முதல் கடி நான் கடித்தேன். சர்க்கரை தூவிய போண்டா மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பிறகு யாழினி கடித்து இழுத்தபோது, சீஸ் மட்டும் அவள் சொன்னபடியே நீண்டது. அதை அறுக்காமல் அப்படியே வாய்க்குள் உறிஞ்சினாள். திடீரென்று கண்கள் பிதுங்கின. புரையேறிவிட்டது என்று நினைத்து, ஒரு கையில் வீடியோ ஓடும் செல்போனோடு, சிரித்துக்கொண்டே உச்சந்தலையில் தட்டினேன்.

"யாரோ உன்னய நெனைக்கறாங்க கண்ணு."

இருமல் வரவில்லை. உதடு நீலமாக மாறியது. அப்போதும் தட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

"ஏனுங்க, தலையில தட்டாதீங்க! புள்ளைக்கு மூச்சே வரலீங்க!"

கடைக்காரப் பெண் ஓடிவந்தார். அவளைக் குனியவைத்து, முதுகின் நடுவே உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அடித்தார். சீஸ் உருண்டையாக வெளியே வந்து விழுந்தது. அதன் பிறகுதான் யாழினியால் அழ முடிந்தது.

"அன்னிக்கு என்னய யாரும்மா நெனைச்சாங்க?" என்று இப்போதும் கேட்கிறாள்.

இனி யாருக்குப் புரையேறினாலும் என் கை தலைக்குப் போகாது. இருமல் சத்தம் வருகிறதா என்றுதான் முதலில் கவனிப்பேன். அந்த வீடியோவை அழிக்கவில்லை. அதில் அவள் மூச்சுக்குத் திணறும் இடத்தில் என் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.