நாலு கட்டம் போட்ட நோட்டு

எங்கள் பள்ளியில் மணி அடிப்பவர், வராந்தா பெருக்குபவர், தண்ணீர்த் தொட்டி நிரப்புபவர் எல்லாம் ஒரே ஆள்தான். மணி அடிப்பதால் மணியக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். நான் அங்கே கிளார்க். கோடு போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. அந்த நினைப்பால் வந்த வினைதான் இது.

வகுப்பில் தகராறு செய்யும் பிள்ளைகளை வெளியே அனுப்பினால் பதிவு செய்ய ஒரு நோட்டு வேண்டும் என்றார் தலைமையாசிரியர். சிவப்பு மையில் நாலு கட்டம் போட்டுக் கொடுத்தேன். பெயர், வகுப்பு, குற்றம், கையெழுத்து. மூன்று முறை பெயர் ஏறினால் ஒரு வாரம் பள்ளிக்கு வரக்கூடாது. ஆசிரியர் எழுதித் தரும் நோட்டைக் கையெழுத்துக்குத் தூக்கிப் போவது மணியக்காவின் வேலை.

அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனாலும் ஒரே மாதத்தில், என் கண்ணில் படாதது அவர் கண்ணில் பட்டுவிட்டது. காரில் வந்து இறங்கும் பிள்ளைகள் ஒருவர் பெயர்கூட நோட்டில் இல்லையே என்று கேட்டார். அவர்கள் ஒழுங்கானவர்கள் என்று சொல்லி வைத்தேன். போன வாரம் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது யார் என்று அவர் திருப்பிக் கேட்டதும் எனக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது. உடைத்த பையனின் அப்பா வந்து பேசினார், விஷயம் அதோடு முடிந்திருந்தது.

பெருக்கிக்கொண்டே வருபவர் ஆறாம் வகுப்பு ஜன்னலருகே மட்டும் நின்றுவிடுவார். உள்ளே பாடம் வாசித்தால் துடைப்பம் அசையாது. அந்த இடத்தில் மட்டும் அப்படி என்ன தூசி என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். அப்போதுதான் சொன்னார். பத்து வயதில் அவர் வகுப்பில் டீச்சர் ஒரு கதை வாசித்துக்கொண்டிருந்தாராம். பனிமூட்டத்தில் கரை தெரியாமல் ஒரு படகுக்காரன் தவிக்கிறான். அந்த இடத்தில் டீச்சர் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். இவரிடம் நோட்டு இல்லை. வெளியே போ என்றாராம். சுவருக்கு வெளியே குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. எதிர்த்து முறைத்ததாக வேறு சேர்த்து, ஒரு வாரம் வராதே என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் சும்மாதானே இருக்கிறாய் என்று சித்தி ஒரு வீட்டில் குழந்தை பார்க்கக் கொண்டுபோய் விட்டாள்.

"அந்த ஒரு வாரம் இன்னும் முடியல சார்" என்றார் மணியக்கா. "படகு கரை சேந்துச்சான்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

பழைய புத்தகக் கட்டுகளையெல்லாம் தேடிப் பார்த்தேன். பாடத்திட்டம் எத்தனையோ முறை மாறிவிட்டது. அந்தக் கதை கிடைக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். தூங்குமூஞ்சி என்று பட்டப்பெயர். பொழுது விடியும் முன்னே அம்மாவோடு போய் ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஐந்து மாடிப் படிக்கட்டையும் துடைத்துவிட்டு வருகிறாள் என்பது மணியக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. முதல் பாடவேளையில் கண் சொருகிவிடும். நோட்டில் இரண்டு முறை ஏறிவிட்டாள். மூன்றாம் முறை கணக்கு டீச்சர் தட்டி எழுப்ப, திடுக்கிட்டுக் கையை வீசியதில் டீச்சரின் புத்தகம் பறந்துபோய் அட்டை கிழிந்தது. 'அடங்காமை' என்று எழுதி மணியக்கா கையில் கொடுத்தார்.

நோட்டு தலைமையாசிரியர் அறைக்குப் போய்ச் சேரவில்லை. மதியம் முழுக்கத் தேடினேன். கடைசியில் தரை துடைக்கும் வாளியில், துணிக்கு அடியில் கிடந்தது. கணக்கு டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. வேலையை விட்டே தூக்க வேண்டும் என்றார். தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டபோது மணியக்கா தலை குனியவில்லை.

"ஒரு வாரம் வெளிய விட்டா அந்தப் பொண்ணு திரும்பி வராது டீச்சர். இப்பவே விடியுறதுக்குள்ள அஞ்சு மாடிப் படி துடைச்சிட்டுத்தான் வருது, அது பத்து மாடி ஆயிடும். ஏன் தூங்குறேன்னு நம்மள்ல யாராவது கேட்டோமா?"

தலைமையாசிரியர் நோட்டைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். ஏன் என்று எழுத நான் கட்டமே போடவில்லை. என் தற்பெருமை அன்றோடு போயிற்று.

அந்தப் பெண்ணை வெளியே அனுப்பாமல் ஒரு மாதம் பார்க்கலாம் என்று முடிவானது. காலையில் நேரே என் அறைக்கு வந்து பெஞ்சில் அரைமணி தூங்குவாள். மணியக்கா எழுப்பிவிட்டுத்தான் மணி அடிப்பார். கிழிந்த அட்டையை அவளே ஒட்டித் தர வேண்டும் என்றார் டீச்சர். மதிய இடைவேளையில் அவள் ஒட்ட, டீச்சர் பிடித்துக்கொள்ள, இருவரும் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பிறகும் சில நாள் கொட்டாவி விட்டாள். கரும்பலகையில் கணக்குப் போட எழுப்பினார்களே தவிர, வெளியே அனுப்பவில்லை.

மாதக் கடைசியில் புது நோட்டில் ஐந்து கட்டம் போட்டேன். ஐந்தாவது, 'ஏன்'. குற்றத்துக்கு விட்டதைவிட அகலமாக விட்டேன். மணியக்காவிடம் காட்டினேன். அவர் அந்தக் கட்டத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றார், போகவில்லை.

"மொத வரியில என் பேர எழுதுவீங்களா சார்?"

எழுதினேன், சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரையே. வகுப்பு ஐந்து. குற்றம், நோட்டு இல்லை. பிறகு பேனாவைப் பிடித்தபடி கேட்டேன், அன்றைக்கு ஏன் நோட்டு கொண்டுவரவில்லை என்று. நாற்பது வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் நான்.

"மழை சார். விறகெல்லாம் நனைஞ்சுபோச்சு. அம்மாவுக்குக் காய்ச்சல், வெந்நீர் வைக்கணும். அடுப்பு பத்தவே இல்ல. நோட்டைக் கிழிச்சேன்."

எழுதி முடித்து நிமிர்ந்தேன். அவர் இன்னும் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதாத தாளைத்தான் மொதல்ல கிழிச்சேன். எழுதினதைக் கடைசியாத்தான் கிழிச்சேன் சார். அதையும் எழுதுங்க."