நடுங்கிய கை

ரகுநந்தன் வீட்டுக் கொலுவுக்கு ஸ்ரீரங்கத்தில் யாரும் வந்ததில்லை. அவர் கட்டிக்கொண்ட ஜோதி பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண், வேறு சாதி. அக்கம்பக்கத்துப் பக்திக்கு அது போதும். அவள் வருஷா வருஷம் குங்குமச் சிமிழோடு ஒவ்வொரு வாசலாகப் போய் அழைப்பாள். "ஆகட்டும், வரோம்" என்பார்கள். கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும்தான் சுண்டலைத் தின்று தீர்ப்பார்கள்.

ஜோதி இறந்துபோனாள். ஒரு வருஷம் பரணிலேயே கிடந்த பொம்மைகளை, சாமி கும்பிடாத ரகுநந்தன் இந்த வருஷம் அவளுக்காக இறக்கி வைத்தார். பேச ஆளில்லாத வீட்டில் கை சும்மா இருக்கவில்லை. தன் பழைய ரிமோட் விமானத்திலிருந்து சர்வோ என்ற குட்டி மோட்டாரைக் கழற்றி, பாட்டரியும் டைமரும் சேர்த்துத் தாயார் பொம்மைக்குள் பொருத்தினார். வலக்கை தானாக உயர்ந்தது. உயர்ந்த இடத்தில் நிற்காமல் நடுங்கியது.

எதிர் ஃப்ளாட் ஆனந்தவள்ளி திறந்த கதவு வழியே அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் வாசலில் செருப்பு விட இடமில்லை. பாட்டும் கற்பூரமுமாக வீடு நிறைந்தது. "காபி சாப்பிட்டேளா சார்?" என்று ஒருத்தி கேட்டாள். அவரை யாரும் அப்படிக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. உண்மையைச் சொன்னால் வீடு காலியாகிவிடும். அதைச் சொல்லாமல் வந்தவர்களுக்குப் பாயை விரித்தார்.

அடுத்த நாள் ஆனந்தவள்ளி உருகினாள்: "தாயாரே இந்தப் பொம்மைல இறங்கி ஏளியிருக்கா. இந்தாத்துல இருந்த தீட்டெல்லாம் போய், இப்பத்தான் சுத்தமாச்சு."

ரகுநந்தன் பொம்மையை இறக்கி முதுகைத் திறந்தார். சர்வோவின் மூடியையும் கழற்றினார்.

"பாருங்கோ மாமி. இது மோட்டார், இது பல்சக்கரம். கை எங்க இருக்குன்னு இதுக்குள்ள இருக்கற சின்ன போர்டுக்குச் சொல்ல, உள்ள கரி பூசின தடம் ஒண்ணு இருக்கு. விமானத்துல எப்பவும் நடுவுலயே நின்னு, அங்க தேஞ்சுபோச்சு. நானும் கை தூக்கற இடத்தை அதே நடுவுல வச்சுட்டேன். தடம் தப்பாச் சொல்றது, மோட்டார் அங்கயும் இங்கயும் அலையறது. இங்க யாரும் ஏளலை."

"அபசாரம்!" என்றாள் ஆனந்தவள்ளி.

"ஒருத்தி வாசல்ல வந்து கூப்பிட்டும் வராம இருந்தேளே, அது என்ன?"

"அவ சகவாசம், வேற எப்படிப் பேசுவார்?" என்று ஒரு குரல் படியில் இறங்கியது.

ரகுநந்தன் பொம்மையின் கையைப் பல்சக்கரத்தில் சில பல் தள்ளி மாட்டி, தடத்தின் தேயாத இடத்துக்கு மாற்றினார். மறுநாள் மாலை எல்லோரும் அவருடைய திறந்த கதவைப் பார்க்காமல் ஆனந்தவள்ளி வீட்டுக் கொலுவுக்குப் போனார்கள். உள்ளே கை உயர்ந்தது, ஆடாமல் நின்றது, தாழ்ந்தது.